பங்காக் கயிறு முதல் ஐந்து டிக் வரை: நம் வீடுகள் குளிர்ந்த வரலாறு

வரலாற்றுக் கட்டுரை என்றதும் மாணவர்கள் ஆளுநர்களையும் போர்களையும் தேடிப் போகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் கைதிகள் வருவார்கள், ரவாங் ஈயச் சுரங்கம் வரும், நம் தோட்டப்புறத் தாத்தா பாட்டிகளும் வருவார்கள். அறிவியல் வளர்ச்சி, நகர வாழ்க்கை, சுற்றுச்சூழல் ஆகிய தலைப்புகளில் எழுதும் உயர்நிலை மாணவர்களுக்குச் சான்றுகள் கிடைக்கும் என்ற எண்ணத்தில் இதைத் தொகுத்திருக்கிறேன்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. 1999இல், ஆயிரமாண்டு முடியப்போகும் வேளையில், இந்த ஆயிரமாண்டின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எது என்று 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் உலகப் பிரமுகர்களைக் கேட்டது. திரு லீ குவான் இயூ குளிர்சாதனத்தைச் சொன்னார். பிரதமரானதும் அரசாங்க ஊழியர்கள் வேலை செய்யும் கட்டடங்களில் குளிர்சாதனம் பொருத்தியதாகவும், அது இல்லாவிட்டால் வெப்ப நாடுகளில் அதிகாலையிலும் அந்தியிலும்தான் ஒழுங்காக வேலை பார்க்க முடியும் என்றும் பின்னர் ஒரு நேர்காணலில் விளக்கினார்.

மாணவர்கள் பலர் இந்தச் செய்தியை முதல் பத்தியிலேயே போட்டுவிடுகிறார்கள். போடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் பேசியது அலுவலகத்தைப் பற்றி. வேலை முடிந்து வீட்டுக்குப் போன அந்த எழுத்தர் இரவில் எப்படித் தூங்கினார்? அந்தக் கேள்விக்கு இந்தச் செய்தியில் பதில் இல்லை. வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் வேலையை எந்தக் காலத்தில் யார் செய்தார்கள், அதற்கான செலவை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

கட்டடமே செய்த வேலை

நம் வட்டாரத்தில் பகலில் 31, 32 பாகை செல்சியஸ். இரவிலும் 24, 25க்குக் கீழே போவது அரிது. இது ஒன்றும் பாலைவனச் சூடு இல்லை. சிக்கல் ஈரப்பதத்தில் இருக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆகவே மின்சாரம் வருவதற்கு முன் இங்கே வீடு கட்டியவர்கள் எல்லாரும் காற்று ஓடவேண்டும், வெயில் சுவரில் படக்கூடாது என்ற இரண்டையும்தான் பார்த்தார்கள்.

கம்பத்து மலாய் வீட்டைப் பாருங்கள். கால்கள் மேல் நிற்கும். தரைப்பலகை இடுக்கிலும் காற்று ஏறி வரும். அத்தாப்புக் கூரை சூட்டைத் தேக்கி வைக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓலையை மாற்றவேண்டும், அதுதான் பராமரிப்பு. ஊர்க்காரர்களே கூடி மாற்றிவிடுவார்கள்.

நகரத்தில் கடைவீடுகள். 1822இல் ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்குக் கொடுத்த அறிவுறுத்தலில், கல்லாலும் ஓட்டாலும் கட்டும் வீடுகளுக்கு முன்னால் மக்கள் நடக்கத் தொடர்ச்சியான மூடுநடை வேண்டும் என்று இருந்தது. நாம் அஞ்சடி என்கிறோமே, அதன் தொடக்கம் அது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடம் கிடைத்தது, கூடவே வீட்டின் முன்சுவருக்கும் நிழல் கிடைத்தது. நீளமான கடைவீட்டின் நடுவில் வானம் பார்த்த ஒரு சிறு முற்றம் இருக்கும். சூடான காற்று அதன் வழியே மேலே போகும், முன்வாசல் வழியே புதுக்காற்று உள்ளே வரும். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

இன்று இஸ்தானா என்று அழைக்கப்படும் ஆளுநர் மாளிகை 1869இல் கட்டி முடிக்கப்பட்டது. அகன்ற தாழ்வாரங்கள், சாய்வுப் பலகைச் சன்னல்கள் எல்லாமே காற்றோட்டத்துக்காகச் செய்தவை. அதைக் கட்டியதில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு பெரும்பங்கு. ஆளுநருக்குக் கிடைத்த குளிர்ச்சியில் அவர்கள் சுமந்த செங்கல்லும் இருந்தது. கைதிகளைப் பற்றி எழுதும் மாணவர்கள் சாலை, கோயில், தேவாலயம் என்று பட்டியல் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

'அந்தக் காலத்து வீடு எல்லாம் குளுகுளுன்னு இருந்துச்சு' என்று பெரியவர்கள் சொல்வதை அப்படியே எழுதிவிடாதீர்கள். கட்டடம் நல்லதாக இருந்தாலும் அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்க்கவேண்டும். சைனாடவுன் கடைவீடுகளில் ஒரு மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்துச் சன்னலே இல்லாத சிறு அறைகளாக்கி வாடகைக்கு விட்டார்கள். முற்றத்தையும் அடைத்தார்கள். 1907இல் வெளிவந்த டாக்டர் சிம்சனின் சுகாதார அறிக்கை இந்த நெரிசலையும் காற்று வெளிச்சம் இல்லாமையையும் கடுமையாகக் குறைசொல்லி, வீடுகளுக்குப் பின்னால் சந்துகளைத் திறக்கச் சொன்னது. காசநோய் பரவியதற்கும் இந்த மூடிய அறைகளுக்கும் தொடர்பு இருந்தது. அன்றைக்குக் காற்று கிடைப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கயிற்றின் மறுமுனையில்

கட்டடம் மட்டும் போதாது என்று நினைத்த வசதியானவர்கள் பங்கா வைத்தார்கள். 'பங்க்கா' இந்திச் சொல், விசிறி என்று பொருள். உத்தரத்திலிருந்து தொங்கும் நீண்ட துணி அல்லது சட்டம். அதில் கட்டிய கயிறு கப்பி வழியாகச் சுவரைத் தாண்டித் தாழ்வாரத்துக்கு வரும். அங்கே உட்கார்ந்து ஒருவர் இழுத்துக்கொண்டே இருப்பார். உணவு மேசை, நீதிமன்றம், படுக்கையறை எல்லா இடத்திலும் இது இருந்தது. இந்தியாவில் பிரிட்டிஷார் பழகிக்கொண்டு நம் பக்கமும் கொண்டுவந்த ஏற்பாடு.

இரவெல்லாம் இழுப்பவர்கள் கயிற்றைக் கால் விரலில் கட்டிக்கொண்டு படுத்தபடி ஆட்டுவதும் உண்டு. நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒருவர் தூங்குவதற்காக இன்னொருவர் தூங்காமல் இருக்கவேண்டும். அதுதான் அந்த வேலை.

வரலாற்று மாணவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. பங்காவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் காற்று வாங்கியவர்கள் எழுதியவை. 'இழுப்பவன் தூங்கிவிட்டான், காற்று நின்றுவிட்டது' என்ற சலிப்புதான் அவற்றில் அதிகம். கயிறு இழுத்தவர் தன் கையால் எழுதிய குறிப்பு கிடைப்பது மிக அரிது. ஈ. எம். ஃபார்ஸ்டர் 1924இல் வெளியிட்ட 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலின் நீதிமன்றக் காட்சியில் பங்கா இழுப்பவர் ஒருவர் வருகிறார். அங்கே நடக்கும் வழக்குக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. பேசக்கூட மாட்டார். ஒரு நாவலாசிரியராவது அவரை நின்று பார்த்தாரே என்று எனக்குத் தோன்றும். சான்று என்ன சொல்கிறது என்பதோடு, யார் சொன்னது, யார் சொல்லாமல் போனது என்றும் எழுதினால் உங்கள் கட்டுரைக்குத் தனி எடை வரும்.

பங்கா வைக்கவே முடியாதவர்களுக்குப் பனையோலை விசிறி. இன்னொரு பக்கம், பணம் இருந்தாலும் கிடைக்காத பொருளாக இருந்தது பனிக்கட்டி. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி விற்றவர் ஃபிரெடெரிக் டூடர். 1833இல் அது கல்கத்தா வரை வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடம் டூடரின் பனிக்கட்டிக் கிடங்காக 1840களில் எழுந்ததுதான். ஐஸ் ஹவுஸ் என்று அந்தப் பகுதியையே இன்னும் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் வாம்போவா என்று பெயர் பெற்ற வணிகர் ஹூ ஆ கேய் 1854இல் ஆற்றங்கரை அருகே ஒரு பனிக்கட்டிக் கிடங்கு நடத்தினார். அந்த வணிகம் நெடுநாள் ஓடவில்லை. ஆனால் பனிக்கட்டிக் காலத்தின் ஒரு மிச்சம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு உறவினர்கள் 'ஒன்றரை டன் ஏசி' என்பார்கள். அந்த டன் ஏசியின் எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் குளிர்ச்சி, அதாவது மணிக்கு 12,000 பிடியூ. நம் கடைகளில் பிடியூ என்றும் மலேசியக் கடைகளில் குதிரைத்திறன் என்றும் விற்கிறார்கள். ஒரே பெட்டிக்கு மூன்று ஊரில் மூன்று கணக்கு!

மின்சாரம் யாருக்கு முதலில் வந்தது

தீபகற்ப மலேசியாவின் மின்சார வரலாறு ஒரு தமிழர் பெயரோடு தொடங்குகிறது. 1894இல் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக மின்னாக்கி நிறுவியவர்கள் லோக் இயூவும் கே. தம்புசாமி பிள்ளையும். தம்புசாமி பிள்ளை சிங்கப்பூரில் பிறந்தவர். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலையையும் சொல்லும்போது அவர் பெயரைச் சொல்கிறோம். மின்சாரத்தைச் சொல்லும்போது மறந்துவிடுகிறோம். தமிழ்மொழிப் பாடநூல்களில் அவரைப் பற்றி எழுதுபவர்கள் இதையும் ஒரு வரி சேர்க்கக்கூடாதா என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டலின் முதன்மைக் கட்டடம் 1899இல் மின்விளக்கும் மின்விசிறியுமாகத் திறந்தது. 1906இல் நகராட்சி மின்விநியோகம் தொடங்கியது. 1927இல் செயிண்ட் ஜேம்ஸ் மின்நிலையம் வந்தது. மின்விசிறி பரவப் பரவப் பங்கா இழுப்பவர்களின் வேலை மெல்ல மறைந்தது. கொடுமையான வேலை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் அந்த வேலையை நம்பிச் சாப்பிட்டவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு குறிப்பும் எழுதி வைக்கவில்லை யாரும்.

மின்சாரம் சுரங்கத்துக்கும் ஹோட்டலுக்கும் வந்துவிட்டது. ரப்பர் வெட்டியவர்களுக்கு? தோட்டத்தில் மேட்டில் துரை பங்களா, அகன்ற தாழ்வாரத்தோடு காற்றைப் பார்த்து நிற்கும். கீழே லயங்கள் வரிசையாக, துத்தநாகத் தகரக் கூரையோடு. தகரம் ஓலையைப்போல் தீப்பிடிக்காது, ஓலையைப்போல் அடிக்கடி மாற்றவும் வேண்டாம். நிர்வாகத்துக்குச் செலவு மிச்சம். ஆனால் நண்பகலில் அதன் கீழே உட்கார முடியாது. வாசலில் மரத்தடியிலும் தாழ்வாரத்திலும்தான் பிள்ளைகள் கிடப்பார்கள். தோட்டத்திற்கே சொந்த மின்னாக்கி வந்த பிறகும் பல இடங்களில் சாயங்காலம் சில மணி நேரம்தான் மின்சாரம். விளக்கு அணைந்தால் காத்தாடியும் நின்றுவிடும். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், எத்தனை மணிக்கு 'லைட்டு' போகும் என்று சரியாக நினைவு வைத்திருப்பார்கள்.

காகிதத்துக்காகப் பிறந்த கருவி

1902இல் நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். ஈரப்பதம் கூடும்போது காகிதம் விரியும், குறையும்போது சுருங்கும், வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது. இதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த ஏற்பாடுதான் இன்றைய குளிர்சாதனத்தின் தொடக்கம். மனிதருக்காக அல்ல, காகிதத்துக்காக! தேர்வில் 'மனிதன் தன் வசதிக்காகக் கண்டுபிடித்தான்' என்று எழுதும் மாணவர்களுக்கு நான் ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்கிறேன்.

தொடக்ககாலக் கருவிகளில் பயன்பட்ட வாயுக்களில் சில நச்சுத்தன்மை உடையவை, சில தீப்பற்றக்கூடியவை. 1930ஐ ஒட்டித் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் உருவாக்கிய குளோரோஃபுளோரோகார்பன் வாயு மூச்சில் கலந்தாலும் கொல்லாது, தீயும் பிடிக்காது. அதன் பிறகுதான் கருவி வீட்டுக்குள் வரும் துணிச்சல் பிறந்தது. அதன் விலையை நாம் பிறகு கொடுத்தோம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

சிங்கப்பூரில் பொதுமக்கள் குளிர்சாதனக் காற்றை அனுபவித்த இடங்களில் முக்கியமானது திரையரங்கு. 1939 அக்டோபர் 3ஆம் தேதி திறந்த காத்தே திரையரங்கில் படம் பார்க்கப் போனவர்கள் சில மணி நேரக் குளிருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தார்கள். போருக்குப் பிறகு சன்னலில் செருகும் பெட்டிகள் சந்தைக்கு வந்தன. ஐரோப்பியர் வீடுகள், பெரிய வணிகர் வீடுகள், மருத்துவர் அறைகள். அவ்வளவுதான்.

சாதாரணக் குடும்பத்தின் கதை வேறு பாதையில் போனது. 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். காற்றுக்கு நல்லதாக இருந்த அத்தாப்பும் பலகையும் தீக்கு இரையாகின. அடுக்குமாடி வீடு வந்தபோது மக்களுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் கிடைத்தன. ஆரம்பகால வீவக புளோக்குகள் மெலிந்தவை. முன்பக்கம் பொது நடைபாதை, பின்பக்கம் சன்னல். இரண்டையும் திறந்தால் காற்று குறுக்கே ஓடும். இரும்புக் கதவு பூட்டியிருக்கும், மரக்கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கும். மேலே ஒரு காத்தாடி.

1980கள், 1990களில் வருமானம் உயர்ந்தது, கருவியின் விலை இறங்கியது. சுவரில் ஒரு பகுதியும் வெளியே ஒரு பகுதியுமாகப் பிரிந்த வகை வந்தது. மலேசியாவின் ஷா ஆலாம் போன்ற இடங்களில் ஜப்பானிய நிறுவனங்கள் தொழிற்சாலைகள் அமைத்திருந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர்களின் பிள்ளைகள் பலர் அப்படிப்பட்ட மின்பொருள் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போனார்கள். பின்னாளில் கட்டிய வீவக வீடுகளில் வெளிப்பகுதியை வைக்க மேடை கட்டியே கொடுத்தார்கள். அதாவது, கட்டடம் காற்றைத் தரும் என்ற எதிர்பார்ப்பு போய், குடியிருப்பவர் கருவி வாங்குவார் என்ற எதிர்பார்ப்பு வரைபடத்திலேயே ஏறிவிட்டது. இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுதான் என்பேன்.

'ஏர்கோன் வந்ததால் கதவு மூடியது, கதவு மூடியதால் அக்கம்பக்க உறவு கெட்டது' என்று ஒரே மூச்சில் எழுதிவிடும் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. கதவு மூடியது உண்மை. ஆனால் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனார்கள், தொலைக்காட்சி வந்தது, நடைபாதை இல்லாத புளோக்குகள் வந்தன, மக்கள் வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். பல காரணங்களில் ஒன்று என்று எழுதுங்கள். மதிப்பெண் குறையாது, கூடும்.

பராமரிப்பும் மேம்பாடும்

கருவி வந்ததும் கயிறு இழுப்பவர் தேவையில்லாமல் போனார். ஆனால் மனித உழைப்பு தேவையில்லாமல் போகவில்லை. உள்பகுதியின் வடிகட்டியில் தூசு அடைத்தால் காற்று குறையும், கருவி கூடுதலாக உழைக்கும். இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது நாமே கழற்றிக் கழுவலாம், உயர்நிலை மாணவரும் செய்யலாம். குளிர்ந்த சுருளில் படியும் நீர் வடியும் குழாயில் பாசி அடைத்தால் கட்டில் மேல் சொட்டும். அதற்குத் தொழில்நுட்பர் வரவேண்டும்.

'கேஸ்' பற்றி ஒரு வார்த்தை. குளிரூட்டும் வாயு பெட்ரோல்போல் தீர்ந்துபோவது இல்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பராமரிப்பு நிறுவனம் மூன்று முறை நிரப்பி மூன்று முறையும் காசு வாங்கியது. நான்காவதாக வந்த தஞ்சாவூர்த் தம்பி ஒருவர் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்து, செம்புக் குழாய் இணைப்பில் குமிழி வருவதைக் காட்டினார். பத்து நிமிட வேலை. பன்னிரண்டாவது மாடியில், வெளிமேடையில் பாதுகாப்பு வார் மாட்டிக்கொண்டு அவர் குனிந்தபோது எனக்குத்தான் உள்ளங்கை வியர்த்தது. வெளிப்பகுதியைப் பொருத்தும் வேலையைப் பயிற்சி பெற்றவர்களே செய்யவேண்டும் என்று சிங்கப்பூரில் விதி இருப்பது இதனால்தான். தவறி விழுந்தால் பெட்டியும் ஆளும் கீழே போகிறவர்களும் பாதிக்கப்படுவார்கள்.

அந்த வாயுவின் கதைக்கு வருவோம். நச்சில்லை என்று கொண்டாடிய குளோரோஃபுளோரோகார்பன் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987இல் மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. வீட்டுக் குளிர்சாதனங்களில் நெடுங்காலம் இருந்த ஆர்-22 ஓசோனை மிகக் குறைவாகக் கெடுத்தது. அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனால் புவியைச் சூடாக்கும் ஆற்றல் கரியமிலவாயுவைவிடச் சுமார் 2,000 மடங்கு. இப்போது பரவலாக வரும் ஆர்-32க்கு அது 675. 2016இல் கிகாலியில் உலக நாடுகள் இந்த வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. சிங்கப்பூரில் 2022 அக்டோபர் முதல், இந்த அளவு 750க்கு மேல் உள்ள வாயுவோடு வரும் சாதாரண ஒற்றை அறைக் குளிர்சாதனங்களைச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரு சிக்கலுக்கான தீர்வு அடுத்த சிக்கலைக் கூட்டி வந்திருக்கிறது. 'காரணமும் விளைவும்' பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

மின்செலவைப் பார்ப்போம். சீலிங் காத்தாடி 60, 70 வாட். பழைய வகைச் சிறிய அறைக் குளிர்சாதனம் ஓடும்போது ஏறக்குறைய 800 வாட். பத்து மடங்குக்கும் மேல். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் வந்த 'இன்வெர்ட்டர்' வகை, அறை குளிர்ந்ததும் முழுவதும் நின்று மறுபடி முழுவேகத்தில் ஓடாமல், வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடும். அதில் மிச்சம் உண்டு. 2008 முதல் சிங்கப்பூரில் குளிர்சாதனங்களுக்கு மின்சிக்கன வில்லை கட்டாயமானது. 2011இல் குறைந்தபட்சத் தரமும் வந்தது. இப்போது ஐந்து டிக் வரை. 2024இல் வீவக குடும்பங்களுக்குச் சிக்கனமான வீட்டுச் சாதனங்கள் வாங்க 300 வெள்ளி பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். புதுக் குளிர்சாதனத்தின் விலையோடு பார்த்தால் அது சிறு பகுதிதான், ஆனால் வசதி குறைந்தவர்கள் பழைய, மின்சாரம் தின்னும் பெட்டியையே வைத்துக்கொண்டு அதிகக் கட்டணம் கட்டுகிறார்கள் என்ற முரணை அரசாங்கம் கவனித்ததற்கு அடையாளம்.

பழைய வீடுகளில் கருவியை மட்டும் மாற்றினால் போதாது. 1994க்கு முன் கட்டி முடித்த வீவக வீடுகள் பலவற்றில் முதன்மை மின்சுவிட்ச் 30 ஆம்பியர். ஒரு காத்தாடி, ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒரு தொலைக்காட்சி என்ற குடும்பத்தைக் கணக்குப் போட்டு வைத்த அளவு. மூன்று அறைக்கும் குளிர்சாதனம் வேண்டும் என்றால் 40 ஆம்பியருக்கு உயர்த்தவேண்டி வரும், உரிமம் பெற்ற மின்வல்லுநர்தான் செய்யவேண்டும். 2007இல் அறிவித்த இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் கசியும் குழாய், உதிரும் காங்கிரீட்டோடு மின்சுமையை உயர்த்துவதும் அவசியப் பணிகளில் ஒன்றாகச் சேர்ந்தது. அந்த ஒரு சின்னச் சுவிட்சில் ஒரு தலைமுறையின் வாழ்க்கைத்தரம் எழுதியிருக்கிறது.

இப்போது மறுபடி ஒரு திருப்பம். தெங்கா நகரில் வீட்டுக்கு வீடு வெளிப்பகுதி வைக்காமல், சில புளோக்குகளின் கூரையில் நீரைக் குளிரவைத்துக் குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்பும் மத்தியக் குளிரூட்டு முறை வந்திருக்கிறது. 2023இல் குடியேறிய சில வீடுகளில் நீர் கசிந்ததும் குழாய் வியர்த்ததும் செய்தியாயின, சரிசெய்யும் வேலையும் நடந்தது. இதில் தற்செயலாக ஒன்று: 1983 ஏப்ரலில் சிங்கப்பூரின் உச்ச வெப்பமான 37 பாகை பதிவானது இதே தெங்காவில்தான். நாற்பது ஆண்டு கழித்து 2023 மே 13இல் அங் மோ கியோ அதே அளவைத் தொட்டது. குளிர்சாதனம் அறைக்குள்ளிருந்து எடுக்கும் வெப்பம் மறைவதில்லை, வெளியே தள்ளப்படுகிறது. சன்னலைத் திறந்து காத்தாடி போட்டுப் படுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தச் சூடு போய்ச் சேர்கிறது.

வகுப்பில் செய்ய

ஆசிரியர்கள் இதை ஒரு வாய்மொழி வரலாற்றுப் பயிற்சியாக நடத்தலாம். மாணவர்கள் முதலில் தங்கள் வீட்டு முதன்மைச் சுவிட்சில் எழுதியிருக்கும் ஆம்பியரையும் (பார்த்தால் போதும், தொடக்கூடாது), குளிர்சாதனத்தின் பின்தகட்டில் உள்ள வாயுவின் பெயரையும், டிக் எண்ணிக்கையையும், புளோக் கட்டிய ஆண்டையும் குறித்து வரட்டும். பிறகு 60 வயதைக் கடந்த ஒருவரிடம் பேசட்டும். சிறுவயதில் எந்தக் கூரையின் கீழ் தூங்கினீர்கள்? முதல் காத்தாடி எந்த ஆண்டு வாங்கினீர்கள், யார் சம்பளத்தில்? வீட்டில் முதலில் யார் அறைக்கு ஏர்கோன் போட்டார்கள், ஏன் அந்த அறைக்கு? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். என் வகுப்பில் கேட்டபோது பெரும்பாலான வீடுகளில் அது தேர்வு எழுதவேண்டிய பிள்ளையின் அறை. சமையலறையில் நின்ற அம்மாவுக்கு இன்றும் மேசைக் காத்தாடிதான்.